மவன் வந்துட்டான், அடுத்து என்ன?

கேள்வி: அடிதடி கேஸ்ல சிக்கி சிறுவர்களுக்கான சிறப்பு இல்லத்துல இருந்த என் மவன் 18 முடிஞ்சு போன மாசம் வந்துட்டான். ஒம்பதாவதோட படிப்பு நின்னுபோச்சு. அவுக அப்பா விசைப்படகுல ஏத்திவிடலாம்ங்கறாரு. கேஸ் இருந்தா எங்கயும் சேத்துக்க மாட்டாகன்னு ஊர்ல சொல்றாக. நேத்து கடக்கரையில வெல்டிங் அடிக்கறத ரெண்டு மணி நேரம் நின்னு பாத்துட்டு வாரான். என்ன செய்ய? - ஒரு தாய், மண்டபம்

பதில்: ஊர்ப்பேச்ச விடுங்கம்மா. 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 24-வது பிரிவு இருக்கு, அந்தக் கேஸால பையனுக்கு எந்தத் தகுதிக் குறைவும் வரக்கூடாது, அப்பீல் காலம் முடிஞ்சா ரெக்கார்டயே அழிச்சிரணும்ங்குது. நாளைக்கு நடத்தைச் சான்று கேட்டாகூட போலீஸ் அத வெளிய சொல்லக்கூடாது, அது 74-வது பிரிவு. 16 தாண்டுனவன கொடுங்குற்றம்னு குழந்தைகள் கோர்ட்ல விசாரிச்சிருந்தாத்தான் கத வேற, எதுக்கும் ஆர்டர் காப்பிய ஒருதடவ பாத்துக்கங்க.

வெல்டர் டிரேடுக்கு எட்டாவது பாஸ் போதும், ஒரே வருஷம், ராமநாதபுரத்துலயும் பரமக்குடியிலயும் அரசு ஐடிஐ இருக்கு, பயிற்சிக்கு ஃபீஸ் கெடையாது, மாசம் 750 ரூவா உதவித்தொகையும் உண்டு. பழைய ஸ்கூல்ல போய் டிசி வாங்கி வைங்க, இடையில எங்க இருந்தான்னு அங்க யாருகிட்டயும் கத சொல்லிட்டு நிக்க வேணாம். பத்தாவது எழுதணும்னா என்.ஐ.ஓ.எஸ்-ங்கற தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியா பின்னாடி எழுதிக்கலாம், அதுக்காக ஐடிஐல சேக்கறத தள்ளிப்போடாதீங்க. 18 முடிஞ்சு இல்லத்த விட்டு வந்த பிள்ளைகளுக்கு பண உதவி செய்யவும் அதே சட்டத்துல 46-வது பிரிவு இருக்கு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு குடுங்க, தானா வீடு தேடி வராது.

அப்பாட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்பிடி தடைக்காலம், 61 நாள் படகுல போற ஆளுக்கு மீன்பிடி வருமானம் வராது, ஆனா வெல்டிங் பட்டறைக்காரருக்கு அப்பத்தான் சோறு திங்க நேரமிருக்காது, வல இழுக்கற வின்ச்ச கழட்டிக் கொண்டாந்து வாசல்ல போட்டுட்டு எப்ப முடியும் எப்ப முடியும்னு நிப்பாக. இதுவும் கடல நம்புன பொழப்புதான், அவருக்குத் தெரியாததா.

தம்பி திரும்ப வேடிக்க பாக்கப் போனா, வெல்டிங் கண்ணாடி இல்லாம அந்த வெளிச்சத்தப் பாக்க வேணாம்னு சொல்லுங்க, ராத்திரி கண்ணுல மண்ண அள்ளிப் போட்டாப்ல உறுத்தும்.