பெர்லின் யூத அருங்காட்சியகம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, பெர்லினில் அரை நாள்தான் கிடைக்கும். யூத அருங்காட்சியகத்தில் எதை முதலில் பார்க்கலாம்?

கட்டடத்தைப் படம் பிடிப்பதிலேயே நேரத்தை விட்டுவிடாதீர்கள். டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்து 2001-இல் திறந்த அந்தத் துத்தநாகத் தகடு போர்த்திய கட்டடம் அழகுதான், சரி. ஆனால் கீழ்த்தளப் பாதைகளின் ஓரம் கண்ணாடிக்குப் பின்னால் கடிதங்கள், குடும்பப் படங்கள், சின்னச் சின்னப் பொருள்கள் வைத்திருக்கிறார்கள், பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி: புலம்பெயர்ந்தோர் தோட்டத்தில் தலை சுற்றும் என்கிறார்களே? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

சுற்றும், அப்படி உணர வேண்டும் என்றே கட்டியது. 49 உயரமான கான்கிரீட் தூண்கள், தரை முழுக்கச் சாய்வு. 48 தூண்களில் பெர்லின் மண், ஒன்றில் ஜெருசலேம் மண். அம்மா வெளியிலிருந்தே பார்க்கட்டும்.

கேள்வி: ஹிட்லர் வந்த 1933-லேயே எல்லோரும் ஏன் கிளம்பிவிடவில்லை?

இதை அடிக்கடி கேட்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அப்போது ஜெர்மனியில் சுமார் 5 லட்சம் யூதர்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் ஏறக்குறைய ஒரு லட்சம் யூதர்கள் இருந்தார்கள், அதில் 12,000 பேர் செத்தே போனார்கள். இது எங்கள் நாடு, இந்த ஆட்டம் அடங்கிவிடும் என்று நம்பியவர்களைக் குறை சொல்ல முடியுமா? கிளம்பலாம் என்றாலும் சொத்தில் கால் பங்கை வரியாகப் பிடுங்கினார்கள், மிச்சத்தையும் வெளியே கொண்டுபோக விடவில்லை. அப்புறம், யார் சேர்த்துக்கொள்வது? 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் ஊரில் இந்த அகதிகளைப் பற்றி 32 நாடுகள் கூடிப் பேசின, டொமினிக்கன் குடியரசைத் தவிர யாரும் கதவைத் திறக்க முன்வரவில்லை.

கண்காட்சிகளில், அப்போது நாட்டைவிட்டுக் கிளம்பியவர்கள் எழுதிய மூட்டை முடிச்சுப் பட்டியல் ஏதாவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். கரண்டி, தலையணை உறை, குழந்தையின் சட்டை என ஒவ்வொன்றையும் எழுதி, 1933-க்கு முன் வாங்கியதா பின் வாங்கியதா என்றும் பிரித்துக் காட்டி, அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். அப்படியும் 1941 அக்டோபரில் வெளியேறவே தடை வருவதற்குள் பாதிக்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். ஆனால் பிரான்சுக்கும் நெதர்லாந்துக்கும் போனவர்களில் பலரை நாஜிகள் அங்கேயும் வந்து பிடித்தார்கள்.

கேள்வி: ஓவியங்களில் ஆர்வம். யாரைப் பார்ப்பது?

ஃபெலிக்ஸ் நுஸ்பவும். அவர் பிறந்த ஜெர்மன் நகரமான ஓஸ்னாப்ரூக்கிலேயே அவருக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிரசெல்ஸில் ஒளிந்திருந்தபோது 1943-இல் வரைந்த சுயஉருவப்படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்: தூக்கிவிட்ட கோட்டுக் காலர், யூதர்கள் அணியவேண்டும் என்று நாஜிகள் கட்டாயப்படுத்திய மஞ்சள் நட்சத்திரம், நம் பக்கம் நீட்டிய அடையாள அட்டை, முதுகுக்குப் பின்னால் உயர்ந்த மதில். அடுத்த ஆண்டு நாஜிகளின் கொலை முகாமான அவுஷ்விட்ஸில் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாம் போனால் சார்லட் சாலமன். பெர்லின் பெண், பிரான்சின் தென்கரைக்குத் தப்பிப் போய்த் தன் குடும்பக் கதையைப் படங்களாக வரைந்தார், அவரே தேர்ந்து கோத்தவை 769. தொடக்கப் படங்களில் உரையாடலைத் தனியாக மெல்லிய தாளில் எழுதிப் படத்தின் மேல் போர்த்தியிருப்பார். 1943-இல், 26 வயதில், வயிற்றில் குழந்தையோடு அவரையும் அவுஷ்விட்ஸில் கொன்றார்கள். என்னைக் கேட்டால் நுஸ்பவுமைவிட இவரையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: இந்தியாவுக்கு யாராவது வந்தார்களா?

வந்தார்கள். பெர்லினில் பிறந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939-இல் மைசூர் அரசின் கட்டடக் கலைஞராக வந்தார், புவனேசுவர் நகரத் திட்டம் அவர் போட்டதுதான்.

கேள்வி: நேரில் போக வசதியில்லை, வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா?

நியூயார்க்கின் லியோ பெக் நிறுவனம் ஜெர்மன் யூதக் குடும்பங்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பெருமளவில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஜெர்மன் மொழி, ஆனால் படங்களைப் பார்க்க மொழி தேவையில்லை.