மிட்டாய்க்காரர்களின் பள்ளத்தாக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் சூரிச்சில் வேலை பார்க்கிறாள். செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் அவளிடம் போகிறோம். எங்கடின் பள்ளத்தாக்கில், செயின்ட் மோரிட்ஸுக்குப் பக்கத்தில், ஒரு வாரம் தங்க அறை பதிவு செய்திருக்கிறாள். ஓர் ஊருக்குப் போகுமுன் அதன் வரலாற்றைப் படித்துவிட்டுப் போங்கள் என்று அடிக்கடி எழுதுவீர்கள். படிக்க உட்கார்ந்தேன். கிடைத்ததெல்லாம் ஹோட்டல், பனிச்சறுக்கு, கைக்கடிகாரக் கடை. அரசர் இல்லை, தலைநகர் இல்லை, பேர்பெற்ற போர்க்களமும் இல்லை. பணக்காரர்கள் ஓய்வெடுக்க உண்டாக்கிய இடத்துக்கு விலைப்பட்டியலைத் தவிர என்ன வரலாறு இருக்க முடியும்? அந்த மக்கள் எப்போதும் வசதியாகவே வாழ்ந்தவர்கள்தானே? கிண்டலாகக் கேட்கவில்லை.

கோமதி வேலுசாமி, ஈரோடு

அன்புள்ள கோமதி,

கிண்டலாகக் கேட்டிருந்தாலும் தப்பில்லை. செயின்ட் மோரிட்ஸ் கடைத்தெருவின் படங்களைப் பார்க்கிற எவருக்கும் அந்தக் கேள்வி வரும். ஆனால் "எப்போதும் வசதியாகவே" என்பதை நான் ஒப்பமாட்டேன். அந்தப் பள்ளத்தாக்கு தன் பிள்ளைகளை வெளியே அனுப்பியே பல தலைமுறை வயிறு வளர்த்தது.

மேல் எங்கடின் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். புல் வளரும், மாடு வளர்க்கலாம். தானியத்தை நம்பி வாழ முடியாது. குளிர்காலமோ ஏறக்குறைய ஆண்டில் பாதி. நிலம் போதாத வீடுகளில் பையன்கள் பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டியதும் கணவாய் ஏறித் தெற்கே இறங்கினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது வெனிஸ். அன்று இந்தப் பகுதி சுவிட்சர்லாந்தில் சேரவில்லை. 'மூன்று லீக்குகள்' என்ற பெயரில் கிராமங்கள் கூடித் தம்மைத் தாமே ஆண்ட தனி நாடு. நீங்கள் தேடிய அரசர் கிடைக்காததற்கு அதுதான் காரணம். கிரவுபுண்டன் மாநிலமாக அது சுவிஸ் கூட்டமைப்பில் இணைந்தது 1803இல்.

மூன்று லீக்குகளுக்கும் வெனிஸ் குடியரசுக்கும் 1603இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு எங்கடின்காரர்கள் அங்கே செருப்புத் தைத்தார்கள், கத்தி தீட்டினார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மிட்டாயும் கேக்கும் செய்தார்கள். அந்த நகரத்தின் இனிப்புத் தொழில் நாளடைவில் பெருமளவு இவர்கள் கைக்கு வந்துவிட்டது. பிறகு மூன்று லீக்குகள் ஆஸ்திரியாவின் கையிலிருந்த மிலானோடு உறவு கொண்டாட, கோபமடைந்த வெனிஸ் 1766இல் அத்தனை பேரையும் வெளியேற்றியது. கடை, அடுப்பு, வாடிக்கை எல்லாம் ஒரே உத்தரவில் போயிற்று.

ஊர் திரும்பி உட்கார்ந்திருக்க முடியுமா? ஐரோப்பா முழுக்கப் பரவினார்கள். பெர்லினில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடிய ஜோஸ்டி காபிக்கடையைத் தொடங்கியவர்கள் சில்ஸ் கிராமத்துச் சகோதரர்கள். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1837இல் உயிரைப் பறித்த துப்பாக்கிச் சண்டைக்குப் புறப்படுமுன் நண்பருக்காகக் காத்திருந்தது பீட்டர்ஸ்பர்க்கில் வோல்ஃப், பெராஞ்சே என்ற இரண்டு சுவிஸ்காரர்கள் நடத்திய இனிப்புக்கடையில். அந்த வோல்ஃப் கிரவுபுண்டன்காரர். சம்பாதித்தவர்கள் முதுமையில் ஊர் திரும்பி அரண்மனை போல வீடு கட்டினார்கள். தோற்றவர்களையும், நாள் முழுக்க அடுப்பு வெக்கையில் நின்று இருமிச் செத்த பையன்களையும் பற்றிச் சொல்ல வீடுகள் ஏதுமில்லை.

எங்கடினின் அடையாளம் என்று வால்நட் கேக் ஒன்றை எல்லாக் கடையிலும் விற்பார்கள். உள்ளே வால்நட்டும் காய்ச்சிய சர்க்கரையும் இருக்கும். அந்த உயரத்தில் வால்நட் மரம் வளராது. ஊரில் விளையாத கொட்டையை வைத்து ஊர்ப் பலகாரம் செய்யும் புத்தி வெளியூர் அடுப்படியில் நின்றவனுக்குத்தான் வரும்.

ஹோட்டல் கதையும் இங்கிருந்து கிளைத்தது என்பது என் எண்ணம். செயின்ட் மோரிட்ஸின் ஊற்றுநீர் மிகப் பழையது. அதைத் தேக்கப் பதித்த மரங்கள் கி.மு. 1411இல் வெட்டப்பட்டவை என்று கணித்திருக்கிறார்கள். கோடையில் நீராட வருபவர்கள் எப்போதும் இருந்தார்கள். குளிர்காலத்தை விற்கலாம் என்பதுதான் புது யோசனை. யோஹானஸ் பத்ருட் என்ற விடுதிக்காரர் 1864 இலையுதிர் காலத்தில் ஆங்கில விருந்தினர் நால்வரிடம் பந்தயம் கட்டினாராம்: டிசம்பரில் வாருங்கள், வெயில் காயலாம், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது. அவர்கள் வந்து ஈஸ்டர் வரை தங்கினார்களாம். ஆய்வாளர்கள் இந்தக் கதையைச் சந்தேகிக்கிறார்கள், எனக்கும் அது விளம்பரத்துக்காகத் தேய்த்து மெருகேற்றிய கதையாகவே படுகிறது. ஆனால் 1870களின் இறுதியில் தன் கூல்ம் ஹோட்டலில் பத்ருட் மின்விளக்கு எரியவிட்டது நிஜம். சுவிட்சர்லாந்தில் அது முதல் மின்வெளிச்சம். நகரத்துப் பணக்காரனுக்கு எது வியப்பளிக்கும் என்று, அவனுக்குத் தலைமுறை தலைமுறையாகக் காபி ஊற்றிய பள்ளத்தாக்குக்குத் தெரியாதா?

தெரியாத ஒருவர் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். பெல்ஜியப் பிரபு ரெனேஸ் பள்ளத்தாக்கின் மேல்முனையான மலோயாவில் 1884இல் ஒரு பிரம்மாண்ட மாளிகை ஹோட்டலைத் திறந்தார். அதே கோடையில் இத்தாலியில் காலரா பரவ, விருந்தினர் வரத்து அறுந்தது. சில மாதங்களில் அவர் திவால். கட்டடம் இன்றும் ஏரிக்கரையில் நிற்கிறது. சுற்றுலாவை நம்பிப் பிழைப்பது எவ்வளவு ஆட்டமானது என்பதை அதைவிட நன்றாக விளக்கும் அருங்காட்சியகம் அங்கே இல்லை.

எனக்கு மிகப் பிடித்த செய்தி வேறு. ஐரோப்பாவின் பெருஞ்செல்வர்கள் வந்து குவிந்த அதே காலத்தில், 1900 முதல் 1925 வரை, கிரவுபுண்டன் மாநிலம் மோட்டார் வண்டிகளைத் தடை செய்து வைத்திருந்தது. குதிரைகள் மிரளும், புழுதி பறக்கும், சாலையைச் செப்பனிட நம் வரிப்பணம் போகும் என்று விவசாயிகள் வாக்கெடுப்புக்கு வாக்கெடுப்பு தடையைக் காப்பாற்றினார்கள். கோமான்கள் ரயிலில் வந்தார்கள்: ஆல்புலா பாதை 1904இல் செயின்ட் மோரிட்ஸை எட்டியது, பெர்னினா பாதை 1910இல் முடிந்தது. இரண்டும் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

பெர்னினா ரயிலில் கட்டாயம் போங்கள். பல்சக்கரத்தின் துணையின்றி 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறி, இத்தாலியின் திரானோவில் 429 மீட்டருக்கு இறங்கும். திரானோ இருக்கும் வால்தெல்லினா 1512 முதல் 1797 வரை மூன்று லீக்குகளின் அடிமை நிலம்; அதன் திராட்சை மது கோவேறு கழுதை முதுகில் கணவாய் ஏறி வந்தது. இன்று அந்தப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் எல்லை கடந்து எங்கடினுக்குக் கூலிக்கு வருகிறார்கள். ஹோட்டல்களில் படுக்கை விரிப்பவர்களில் போர்த்துகீசியர் மிகுதி. சுவிஸ் ஹோட்டல் சமையலறைகளில் 1980களுக்குப் பிறகு பாத்திரம் கழுவத் தொடங்கிய ஈழத் தமிழர்களை உங்கள் மகளே அறிந்திருப்பார். வெனிஸில் மாவு பிசைந்தவர்களின் பேரன்களுக்கு இப்போது மற்றவர்கள் மாவு பிசைகிறார்கள்.

வசதி வந்தது, அதற்கு ஊர் கொடுத்த விலையும் உண்டு. மேல் எங்கடினில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் வெளியாரின் விடுமுறை வீடுகள். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும். உள்ளூர் ஆசிரியருக்கும் தச்சருக்கும் வாடகை கட்டுப்படியாகவில்லை. ஓர் ஊரில் இத்தகைய வீடுகள் ஐந்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்று 2012இல் நாடு மயிரிழையில் வாக்களித்தது. மலை மாநிலங்கள் பல அதை எதிர்த்தன, கட்டுமான வேலை போய்விடும் என்ற பயம். மொழியும் தேய்கிறது. 1560இலேயே புதிய ஏற்பாடு அச்சேறிய ரோமான்ஷ் மொழியை 1938இல் நான்காம் தேசிய மொழியாகச் சுவிஸ் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். செயின்ட் மோரிட்ஸ் தெருவில் அது காதில் விழுவது அரிது.

கேட்க வேண்டுமானால் கீழ் எங்கடினுக்கு இறங்குங்கள். போர்க்களம் இல்லை என்றீர்களே, 1622இல் பால்திரோன் என்ற தளபதியின் ஆஸ்திரியப் படை அங்கே ஊர் ஊராகக் கொளுத்தியது. குவார்டா கிராமத்தில் நீங்கள் படமெடுக்கப்போகும் அழகிய வீடுகள் அந்தச் சாம்பலின்மேல் மறுபடி எழுந்தவை. சுவர் கோட்டைபோல் தடிமன், ஜன்னல் சின்னது. கருஞ்சாந்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, ஈரம் காயுமுன் சுரண்டி எடுத்த மீனும் பூவும் சுவர் முழுக்க இருக்கும்.

செப்டம்பர் இறுதியில் போவதால் ஒரு நாளை 1914இல் தொடங்கிய தேசியப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். செம்மான்கள் இணைதேடிக் கத்தும் பருவம் அது; திருப்சுன் பள்ளத்தாக்கில் பகலிலேயே கேட்கலாம். நல்ல காலணி தேவை. பாதையை விட்டு ஓரடி விலகினாலும் அபராதம் உண்டு, படமெடுக்கும் ஆர்வத்தில் கணவர் புல்வெளியில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.