தாத்தாவின் பட்டாளத்து நம்பர்

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்தில் இருந்தவர். பர்மா சண்டைக்குப் போனார் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. டிரங்குப் பெட்டியில் மூன்று மெடல்களும் கிழிந்துபோன டிஸ்சார்ஜ் சான்றிதழும் இருக்கின்றன. போரில் இறந்தோர் பட்டியலில் தேடினேன், பெயர் இல்லை. வேறு எங்கே தேடுவது? மெடல்களைப் பளபளப்பாக்கி மாட்டலாமா?
- வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: பெயர் இல்லாதது சரிதான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள்தான் இருப்பார்கள். உயிரோடு ஊர் திரும்பியவரை அங்கே தேடக் கூடாது.

பெயரை விட்டுவிட்டு நம்பரைப் பிடியுங்கள். அன்றைய குமாஸ்தாக்கள் தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். முனுசாமி தாளுக்குத் தாள் வேறு எழுத்தில் இருப்பார். கூடவே படைப்பிரிவும் தெரிய வேண்டும். பிரிவுக்குப் பிரிவு தனி வரிசை என்பதால் ஒரே நம்பர் பலருக்கு இருக்கும்.

சான்றிதழில் அழிந்திருந்தால் மெடல்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வந்தவை வெறுமையாக இருக்கும்; இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் பல நம்பர், பதவி, பெயரோடு இருக்கும். வட்ட மெடலுக்கு விளிம்பில், நட்சத்திர வடிவ மெடலுக்குப் பின்பக்கத்தில் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பும்.

நட்சத்திரத்தின் நடுவளையத்தில் போர்முனையின் பெயர் இருக்கும். அது பர்மாவாக இருந்தாலும் எல்லையைத் தாண்டினார் என்று முடிவுகட்டாதீர்கள். வங்காளத்திலும் அசாமிலும் குறிப்பிட்ட காலம் பணியாற்றியவர்களுக்கும் அது கிடைத்தது. இத்தாலி என்றிருந்தால் வீட்டுப் பேச்சைத் திருத்த வேண்டியதுதான். மெட்ராஸ் சாப்பர்கள் (பாலம் போடுவது, கண்ணிவெடி அகற்றுவது போன்ற வேலை செய்யும் பொறியியல் படையினர்) அங்கும் போனார்கள். சக வீரர்களைக் காக்கக் கண்ணிவெடிமேல் விழுந்து உயிர்விட்டு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன், 1944-இல் இத்தாலியின் மிக்னானோவில் இறந்த மெட்ராஸ் சாப்பர்தான்.

நம்பரும் பிரிவும் கிடைத்ததும் அந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், சாப்பர்களுக்கு பெங்களூரு, தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக். தகப்பனார் பெயர், ஊர், அன்றைய மாவட்டம் (உங்களுக்கு வட ஆற்காடு), சேர்ந்த ஆண்டு, சான்றிதழின் நகல், நீங்கள் பேத்தி என்பதற்கு ஆதாரம் எல்லாம் வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பென்ஷன் வாங்காதவரின் முழுக் கோப்பு 25 ஆண்டுகளில் அழிக்கப்படும். "கோப்பு இல்லை" என்ற பதிலோடு ஓய்ந்துவிடாமல், "லாங் ரோலில் உள்ள பதிவைத் தாருங்கள்" என்று கடிதத்திலேயே கேளுங்கள். லாங் ரோல் என்பது பிரிவில் சேர்ந்தவர்களின் பெயர்ப் பதிவேடு. சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம் அதில் இருக்கும். பாட்டி குடும்ப ஓய்வூதியம் வாங்கியிருந்தால் பென்ஷன் புத்தகத்தைத் தேடி எடுங்கள். பட்டாளத்து நம்பர் அதிலும் இருக்கும்.

படைப்பிரிவுக்குள் அவர் இருந்த கம்பெனியின் (சிறு படை அணியின்) எண் தெரிந்துவிட்டால், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் கம்பெனியின் போர் நாட்குறிப்பு இருக்கிறதா பார்க்கலாம். சிப்பாய் பெயர் அதில் வருவது அபூர்வம். ஆனால் எந்தத் தேதியில் எந்த ஊரில் முகாம், எங்கே பாலம் போட்டார்கள் என்பது நாள்வாரியாகத் தெரியும்.

மெடலைப் புளி, சாம்பல், பிராசோ எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள். பொறித்த எழுத்து ஆழமில்லாதது. தேய்க்கத் தேய்க்க நம்பர் மங்கிப் போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டினால் போதும். ரிப்பன் நைந்திருந்தால் புதியதில் கோத்து மாட்டுங்கள், பழையதைத் தாளில் சுற்றி வையுங்கள். வெயில் விழாத சுவர் நல்லது. சான்றிதழுக்கு லேமினேஷனும் செல்லோ டேப்பும் ஆகவே ஆகாது. சூடும் பசையும் தாளைக் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. இருபுறமும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியைச் சட்டத்தில் போடுங்கள். அசல், மடிக்காமல் ஒரு காகித உறையில் இருக்கட்டும்.