நாற்பத்திரண்டு சோடிச் செருப்பு

கேள்வி: ஐயா, கொரோனா காலத்தில் எங்களை வீட்டுக்குள் அடைத்து வைத்தீர்கள். கடைசியில் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அவ்வளவு வெருட்டியது கொஞ்சம் கூடிப்போச்சு என்று இப்போது தோன்றவில்லையா?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: தோன்றவில்லை, தம்பி. ஒழுங்கை முழுக்க அடைபட்டுக் கிடந்ததால்தான் ஒன்றும் வரவில்லையோ என்று நீங்களும் ஒருக்கால் யோசித்துப் பாருங்கோ.

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வேலையில் எனக்கு அப்போது கடைசி வருசம். 2021 ஓகஸ்ட், டெல்டா பரவி நாடே பூட்டிக் கிடந்த நேரம். ஒரு சாமத்திய வீடு நடக்கிறதென்று தகவல் வந்து போனேன். "பத்துப் பேர்தான் ஐயா, எல்லாம் எங்கடை ஆக்கள்" என்றார் வீட்டுக்காரர். நான் ஆட்களைப் பார்க்கவில்லை, வாசலில் கிடந்த செருப்பை எண்ணினேன். நாற்பத்திரண்டு சோடி. பயத்தம் பணியாரத் தட்டை நீட்டினார்கள். தொடாமல் வந்தது அவர்களுக்கு இன்றும் மனத்தாங்கல்.

பன்னிரண்டாம் நாள் அதே வீட்டு அப்புவைப் பார்க்கப் போனேன். சாய்மனைக் கதிரையில் பேப்பரோடு இருந்தார். "தடிமன்தான் தம்பி, கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சனான்." விரலில் ஒட்சிசன் அளக்கும் கருவியை மாட்டினால் 78 காட்டுகிறது. 95க்குக் கீழே இறங்கினாலே கவனிக்க வேண்டும். அந்த நோயின் கள்ளத்தனம் அதுதான்: ஒட்சிசன் இறங்கிக்கொண்டிருக்கும், ஆள் கதைத்துக்கொண்டிருப்பார். அம்புலன்சில் போனவர் திரும்பவில்லை. சுடலைக்கு வீட்டிலிருந்து இரண்டு பேர்தான் வந்தார்கள், அதுவும் எட்ட நின்று பார்க்க.

இது எங்கள் ஊர்க் குணம் மட்டுமில்லை. 1918இல், இன்ஃபுளுவென்சா வந்துவிட்டது என்று தெரிந்தும், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செப்டெம்பர் 28ஆம் திகதி போர்க் கடன்பத்திர ஊர்வலம் வைத்தார்கள். ஏறக்குறைய 2 லட்சம் சனம் கூடியது. சில நாட்களில் ஆஸ்பத்திரிகளில் கட்டில் இல்லை. சென் லூயிஸ் நகரமோ பள்ளிக்கூடம், தியேட்டர் எல்லாவற்றையும் வேளைக்கே பூட்டியது. அங்கே சாவு வீதம் பிலடெல்பியாவைவிட நன்றாகக் குறைவு. அந்த ஊர்க்காரரும் பிறகு "வீணாகப் பூட்டினார்கள்" என்று முறைப்பட்டிருப்பார்களோ என்னவோ!

எங்கள் கிழவிகள் வாந்திபேதியைக் கோதாரி என்பார்கள். ஊரைக் காலிசெய்த நோயின் பெயர். இப்போது பஸ் பிந்தினாலும் "கோதாரி பிடிச்ச பஸ்" என்கிறோம். அந்தச் சொல் தேய ஒரு நூற்றாண்டாவது எடுத்திருக்கும். இலங்கையில் மட்டும் 16,000 பேருக்கு மேல் கொண்டுபோன கொரோனாவை நீங்கள் சில வருசத்திலேயே "வெருட்டு" ஆக்கிவிட்டீர்கள்.

கேள்வி: இன்னும் மாஸ்க் வைத்திருக்கிறீர்களா?
– வாசகி ஒருவர், கோப்பாய்

பதில்: அலுமாரியில் ஒரு பெட்டி கிடக்கிறது, பிள்ளை. போன கிழமை தடிமனோடு சந்தைக்குப் போக வேண்டியிருந்ததால் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். மீன்காரர் "என்னய்யா, திரும்ப வந்திட்டுதோ?" என்று கேட்டபடி அறக்குளாவை வெட்டிப் பலகையில் வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை இரண்டடி பின்னால் போய் நின்றார்.