ராத்திரி வேலையில் ஸ்தோத்திரம் வரவில்லை என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஊரில் கணக்கு எழுதிய கை இங்கே ராத்திரியில் ஆபீஸ் கழிப்பறை கழுவுகிறது, ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை, வீட்டுக்கும் மறைத்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள்.

வாய் வராததைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 13ஆம் சங்கீதத்துக்கு 6 வசனம்தான். "எதுவரைக்கும்" என்ற முறையீட்டோடு தொடங்குகிறது. பாட்டு கடைசி வசனத்தில்தான் வருகிறது. நீங்களும் முதலில் முறையிடுங்கள்.

பிறகு அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தைப் புலம்பெயர்ந்தவராக உட்கார்ந்து வாசியுங்கள். கிலவுதியு ராயன் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வந்தவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தார்கள். பேர்பெற்ற வேதபண்டிதர் கமாலியேலிடம் படித்த பவுல் அவர்கள் வீட்டில் தங்கி அதே வேலையைச் செய்தார், ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் பேசினார். அவர் படிப்பு எங்கேயும் போய்விடவில்லை. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று செய்யுங்கள் என்று கொலோசெயர் 3:23 சொல்வதும் அடிமைகளைப் பார்த்துத்தான்.

நன்றியை மொத்தமாகச் சொல்லப் போனால் தொண்டையில் சிக்கும். முடித்த ஒரு வேலையின் மேல் வைத்துச் சொல்லுங்கள். உள்ளே போனதும் கழிப்பறைக் கோப்பையின் விளிம்புக்கு அடியில் கழுவும் மருந்தை ஊற்றிவிடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை அது ஊற வேண்டும். உடனே தேய்த்தால் கறையும் போகாது, கிருமியும் சாகாது. அந்த இடைவெளியில் கண்ணாடி, குழாய், வாஷ்பேசின். பேசினுக்கு ஒரு துணி, கோப்பைக்கு வேறு நிறத் துணி. தரை கடைசியில், உள்மூலையிலிருந்து வாசலை நோக்கி. பிளீச்சையும் அமிலம் உள்ள கழிப்பறை மருந்தையும் சேர்த்து ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

மருந்து ஊறும் அந்தச் சில நிமிடங்களை ஜெபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இந்தக் குழாயைத் திறக்கப்போகிற யாரோ ஒருவருக்காக ஒரு வரி வேண்டிக்கொள்ளுங்கள். நீர்ச்சொட்டு காய்ந்த வெள்ளைத் தழும்பு துணியோடு வந்து, குழாய் பளிச்சென்று ஆகும்போது, "இதற்காக ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் பாருங்கள். அதில் பொய் இருக்காது.

6ஆம் நூற்றாண்டில் துறவி பெனடிக்ட், மடத்துச் சாமான்களைப் பீடத்துப் பாத்திரங்களைப் போல எண்ண வேண்டும் என்று விதி எழுதினார். மாப்பை அலசிப் பிழிந்து தொங்கவிட்டுப் போவதும் அதே சேர்த்திதான். வாளித் தண்ணீரிலேயே விட்டுவிட்டால், மறுநாள் தரை முழுக்க நாற்றத்தைப் பூசுவீர்கள்.

பொறுமை என்ற பெயரில் கூலியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு 5:4. தொடங்கிய மணி, முடித்த மணி, இடைவேளை மூன்றையும் அன்றன்றே நோட்டில் குறித்துவைத்து, சம்பளச் சீட்டோடு ஒத்துப்பாருங்கள். கணக்கு உங்களுக்குக் கைவந்த வேலைதானே. கையுறை கேட்பது முறுமுறுப்பு ஆகாது.

வீட்டுக்கு அடுத்த போனிலேயே சொல்லிவிடுங்கள்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், கையில் எவ்வளவு வருகிறது. மறைத்தால் அவர்கள் இல்லாத வருமானத்தை நம்பிக் கேட்பார்கள், நீங்கள் கடன் வாங்கி அனுப்புவீர்கள். சான்றிதழ்களுக்கு இங்கே அங்கீகாரம் வாங்கும் வேலையையும் இந்த மாதமே தொடங்குங்கள். வேலை முடிந்து வந்த களைப்பில் வேண்டாம், தூங்கி எழுந்து படிவத்தை எடுங்கள்.