நாள்பட்ட நோய்க்கு ‘முழுமையான மருத்துவம்’ என்றால் என்ன?

சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்று ஆண்டுக்கணக்கில் உடனிருக்கும் நோய்களில், நோயை மட்டும் பாராமல் நோயாளியின் உணவு, தொழில், உறக்கம், மனநிலை, வருமானம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சிகிச்சையைத் திட்டமிடுவதே முழுமையான அணுகுமுறை.

காரணம் எளிது. காய்ச்சல் சில நாளில் போய்விடும். சர்க்கரையோ நாம் அன்றாடம் வாழும் விதத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். பாம்பனில் இரவெல்லாம் கடலில் கிடந்து விடியலில் கரையேறி உறங்குபவரிடம் ‘காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை’ என்றால், அது அவருடைய நாளோடு பொருந்தாது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், வெறுங்காலுடன் கரைவலை இழுக்கும்போது கிளிஞ்சல் கிழித்ததுகூடத் தெரியாது. ஆகவே இரவில் உள்ளங்காலை விளக்கொளியில் பார்ப்பதும் சிகிச்சையே.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு தினமும் தட்டில் விழும் வீட்டில் அதைப் பற்றிக் கேட்காமல் கொதிப்பு மாத்திரையை மட்டும் கூட்டுவது பாதி வைத்தியம் என்பேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் வருமானம் நின்றால் மருந்தும் தள்ளிப்போகலாம். 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும் என்று அவருக்குச் சொல்வதும் மருத்துவரின் வேலைதான்.

ஒழுகும் வள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீரை இறைத்தே ஆக வேண்டும், ஆனால் ஓட்டை எங்கே என்றும் பார்க்க வேண்டும்.

முழுமையான மருத்துவம் என்றால் ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, மருத்துவரைக் கேட்காமல் இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.