டீசல் வரி உயர்வும் வாடகை டிராக்டர் தொழிலும்

வணக்கம். புகையைக் குறைப்பதற்காக டீசல் மீது விதிக்கப்படும் பசுமை வரி உயர்ந்தபின் டிராக்டர் வாடகையில் எதுவும் மிஞ்சவில்லை என்றும், கட்டணத்தை உயர்த்தினால் உழவர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது. மாற்று இயந்திரம் எட்டாத விலையில் இருக்கும்போது வரியை மட்டும் உயர்த்தினால், புகை குறைவதற்கு முன்பே வருமானம் குறைந்துவிடுகிறது. வேளாண் டீசல் வரிச்சலுகையை நீக்கும் முடிவை எதிர்த்து 2024 ஜனவரியில் ஜெர்மானிய உழவர்கள் டிராக்டர்களோடு பெர்லினில் திரண்டதன் பின்னணியிலும் இந்த ஆதங்கமே இருந்தது.

முதலில், வயலில் செலவாகும் டீசலுக்கு உங்கள் பகுதியில் வரிச்சலுகை உண்டா, அது வாடகைக்கு உழுபவருக்கும் பொருந்துமா என்று விசாரியுங்கள். உண்டென்றால், வயலுக்கும் சாலைக்கும் செலவான லிட்டர்களைத் தனித்தனியே குறித்த பதிவேடு பெரும்பாலும் தேவைப்படும். அடுத்து, உழைப்புக்கும் தேய்மானத்துக்கும் ஒரு தொகை, டீசலுக்கு அன்றைய விலைப்படி ஒரு தொகை என்று கட்டணத்தைப் பிரித்துச் சொல்லுங்கள். விலை இறங்கினால் கட்டணமும் இறங்கும் என்பது தெரிந்தால் வாடிக்கையாளர் எளிதில் ஒப்புக்கொள்வார். இலகுவான வேலைகளில் உயர் கியரில், எஞ்சின் வேகத்தைக் குறைத்து ஓட்டினாலே டீசல் மிச்சமாகும். மின் டிராக்டருக்காக இப்போது கடன்பட வேண்டாம். நாள் முழுதும் ஆழ உழுவதற்கு மின்கலம் இன்னும் ஈடுகொடுப்பதில்லை என்பதே என் கருத்து.